இசையின்பமும் இசைவாணர் ஒழுக்கமும்

காட்கோபரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் இந்நாளில் கேட்டு மகிழும் இசையைப் பட்டியலிட்டால், அஃது ஒரு சிறு கண்காட்சி போலவே அமையும். விடியற்காலையில் ஒரு வீட்டில் சீர்காழி கோவிந்தராஜன் ஒலிக்கிறார். அடுத்த வீட்டில் நாகூர் அனிபா ஒலிக்கிறார். பந்த் நகர்ப் பக்கத்தில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் ‘கார்வான்’ பெட்டியில் எம். எஸ். சுப்புலட்சுமியையும் மதுரை மணி ஐயரையும் மாற்றி மாற்றி வைக்கின்றனர். நிலைய மேடையில் வண்டிக்குக் காத்து நிற்கும் இளைஞர்களின் காதில் இயர்போன். ஒருவர் இளையராஜாவையும், ஒருவர் சஞ்சய் சுப்ரமணியனையும், இன்னொருவர் அனிருத்தையும் கேட்டவாறு ஒரே பெட்டியில் ஏறுகின்றனர். ஞாயிறு மாலைகளில் சயானில் ஷண்முகானந்தா அரங்கிற்கோ செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சபைக்கோ குடும்பத்துடன் செல்வோரும் நம்மிடையே உண்டு.

“இப்போது என்ன கேட்டுக் கொண்டிருக்கிறீர்கள்?” என்று ஒருவரை ஒருவர் வினவுவது நம்மவரிடையே நலம் விசாரிப்பதற்கு ஒப்பான வழக்கமாகிவிட்டது. ஆனால் சில ஆண்டுகளாக அவ்வினாவின் பின்னே இன்னொரு வினாவும் வருகின்றது. “அவருடைய பாட்டையா கேட்கிறீர்கள்? அவர் செய்த காரியம் தெரியாதா, அண்ணா?” என்கிறார் ஒருவர். “பாட்டைத்தானே கேட்கிறேன், அவருக்குப் பெண் கொடுக்கவா போகிறேன்?” என்று மற்றவர் விடையிறுக்கிறார். தாதர் வருவதற்குள் பேச்சு முற்றிவிடுகிறது; முடிவு மட்டும் ஏற்படுவதில்லை.

கலைஞனின் ஒழுக்கக் குறை அவனுடைய கலையை மாசுபடுத்துமா? ரசிகர் என்ற முறையில் நமக்கு உள்ள பொறுப்பு யாது? இவை வெறும் பொழுதுபோக்கு வினாக்கள் அல்ல. பொங்கல் விழாவுக்கு யாரை அழைப்பது, யாருக்குப் பொன்னாடை போர்த்துவது, நம் பெண்களையும் பிள்ளைகளையும் யாரிடம் பாட்டுக்கு அனுப்புவது என்பனவெல்லாம் இவற்றோடு பிணைந்தவை. ஆதலின், நம் இசையுலகில் உண்மையாக நிகழ்ந்த சிலவற்றை நினைவூட்டி, அவற்றிலிருந்து ஒரு வழி காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாகவதர் வழக்கு

இவ்விஷயத்தில் தமிழ் ரசிகர்களுக்கு முதற்பாடமாக அமைந்தது எம். கே. தியாகராஜ பாகவதரின் வரலாறேயாம். 1910ஆம் ஆண்டு மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து, நாடக மேடையில் வளர்ந்து, 1934இல் ‘பவளக்கொடி’ படத்தின் வாயிலாகத் திரைக்கு வந்தவர் அவர். ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’, ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’ என்று அடுத்தடுத்து வந்த படங்கள் அவரைத் தமிழ்நாட்டின் ஈடிணையற்ற பாடகராக்கின. பாபநாசம் சிவன் இயற்றிய பாடல்கள் அவருடைய குரலில் மூலைமுடுக்கெல்லாம் பரவின. 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது.

அக்காலத்தில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகையையும், அது நின்றபின் ‘இந்துநேசன்’ என்ற பத்திரிகையையும் நடத்தினார். நடிகர், நடிகையர், செல்வந்தர் ஆகியோரின் அந்தரங்க வாழ்வைப் பற்றிக் கண்டதும் காணாததும் எழுதுவதே அவற்றின் தொழில். 1944 நவம்பரில் வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். அக்கொலைக்குச் சதி செய்ததாகப் பாகவதரும், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும், கோயம்புத்தூர்ப் படத் தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைது செய்யப்பட்டனர். நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. பின்னர் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வழக்கை மீண்டும் ஆராயும்படி திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் நிரபராதிகள் என்று விடுதலை செய்தது.

இங்கே ரசிகப் பெருமக்கள் நடந்து கொண்ட விதத்தை ஊன்றி நோக்க வேண்டும். பாகவதர் சிறையில் இருந்தபோது சென்னை பிராட்வே அரங்கில் ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டேயிருந்தது. 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளைக் கண்டது. கொலைச்சதிக்காரர் என்று தீர்ப்பளிக்கப்பட்டவரின் குரலை ஜனங்கள் கட்டணம் கொடுத்துக் கேட்டனர். அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகி வெளியே வந்தபின் நிகழ்ந்ததோ நேர்மாறு. 1948இல் ‘ராஜமுக்தி’ வெளிவந்தது, வெற்றி பெறவில்லை. ‘அமரகவி’யும், ‘சியாமளா’வும், ‘புதுவாழ்வு’ம் பழைய வரவேற்பைப் பெறவில்லை. 1959 நவம்பர் முதல் நாள் பாகவதர் காலமானபோது அவருக்கு வயது ஐம்பதுகூட நிறையவில்லை. அவர் நடித்த ‘சிவகாமி’ அதன் பின்னரே வெளிவந்தது.

அவருடைய வீழ்ச்சிக்கு வழக்கு ஒன்றே காரணம் என்று கூறுவது பொருந்தாது. அதே வழக்கில் அதே நாளில் விடுதலையான கலைவாணர் 1949இல் ‘நல்லதம்பி’யைத் தந்து மீண்டும் மக்கள் மனத்தில் இடம் பிடித்தார். காலத்தின் ரசனை மாறியிருந்தது. பாட்டு நிறைந்த படங்களின் இடத்தை வசனம் நிறைந்த படங்கள் பற்றிக் கொண்டன. ஆயினும் ஒன்று தெளிவு. நீதிமன்றத்தின் தீர்ப்பு வேறு வழியில் சென்றது. ரசிகர்களின் அன்பு வேறு வழியில் சென்றது. ரசிகர்கள் எந்தக் கட்டத்திலும் சாட்சியங்களை எடைபோட்டு நடந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. ‘இந்துநேசன்’ தானாக விற்கவில்லை. பாகவதர் பாட்டில் மயங்கியவர்களும் அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தனர். இன்று அப்பத்திரிகை இல்லை. அதன் வேலையை நம் ஒவ்வொருவர் கைப்பேசியும் செய்கின்றது. ஒரு பாடகியின் குடும்ப வாழ்வு பற்றி யாரோ எழுதிய நான்கு வரிகளை வண்டி விக்ரோலியைத் தாண்டுமுன் நாற்பது பேருக்கு அனுப்பிவிடுகிறோம். ஒருவருடைய மணவாழ்வு, மணமுறிவு, உணவு, உடை ஆகியவற்றைப் பற்றிய வம்பு வேறு. ஒருவர் பிறருக்குத் தீங்கிழைத்தார் என்ற புகார் வேறு. முன்னதைப் பற்றி விசாரிக்க நமக்கு யாதொரு உரிமையும் இல்லை. பின்னதைக் கேளாதிருக்கவும் நமக்கு உரிமை இல்லை.

குறைகள் பலவகை

ஒழுக்கக் குறை என்று நாம் ஒரே சொல்லால் கூறுவனவற்றுள் பலவகை உண்டு. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 1898 முதல் 1956 வரை வாழ்ந்த அந்நாகசுரச் சக்கரவர்த்தியின் தோடியைக் கேட்டவர்கள் அதற்கு இணை கூறத் தயங்குவர். அவர் குடிப்பழக்கம் உடையவர், கச்சேரிக்குக் காலந்தாழ்த்தி வருபவர், சில வேளைகளில் வாராமலே இருந்துவிடுபவர், ‘அகம்பாவக்காரர்’ என்றெல்லாம் அவர் காலத்திலேயே பேசப்பட்டது.

இவற்றைப் பிரித்துப் பார்த்தல் நலம். காத்திருந்த சபையோரை ஏமாற்றியது குற்றமே. பணம் கொடுத்தவர் வருந்தினர். குடி அவருடைய உடலைத்தான் பெரிதும் வருத்தியது. ஆனால் ‘அகம்பாவம்’ என்று பெரிய மனிதர்கள் குறைகூறியது யாது? நாகசுரக்காரர் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெற்றுடம்புடன், நின்றபடியே மணிக்கணக்கில் வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், அவர் ஷெர்வானி அணிந்தார். மேடையில் அமர்ந்து வாசித்தார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராச் சுருதியை வைத்துக்கொண்டார். மற்ற வித்வான்களுக்குரிய மரியாதையைத் தமக்கும் கேட்டார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு பாரி நாயனத்தை உருவாக்கச் செய்து அக்கருவியின் நாதத்தையே வளப்படுத்தினார். அன்று தீய நடத்தை என்று எண்ணப்பட்டது, இன்று ஒரு சமூகத்தாரின் சுயமரியாதையாக நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் நம் வழக்கத்தை மீறினார் என்பதனாலேயே அவரைக் குற்றவாளியாக்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மறுபுறம், அன்று யாருக்கும் குற்றமாகவே தோன்றாத சில நடத்தைகள் பிறருக்குப் பெருந்தீங்கு விளைத்தன. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண் பாடகியருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதில்லை என்ற கொள்கை உடையவராயிருந்தார். தம் மகளை டி. கே. பட்டம்மாளின் மகனுக்கு மணமுடித்துச் சம்பந்தியான பின்னர், பிற்காலத்தில் பட்டம்மாளுக்கு வாசித்தார். இக்கொள்கை அவர் ஒருவருக்கே உரியதன்று. அக்காலத்து முன்னணி வித்வான்கள் வேறு சிலரும் அவ்வாறே இருந்தனர். எவரும் அவர்களைக் கடிந்து கூறவில்லை. ஆயினும், பல்லவி பாடுவதில் ஆண்களுக்கு நிகராக நின்ற ஒரு பாடகிக்கு முதல் தரமான மிருதங்கம் கிடைப்பது அரிதாயிற்று என்றால், அந்நஷ்டத்தை யார் ஈடு செய்வது? சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1968இல்தான், எம். எஸ். சுப்புலட்சுமி அதைப் பெற்றார். 1970இல் பட்டம்மாள் பெற்றார். பின்வந்த தலைமுறையில் கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபாலும், பெண் என்பதால் தம்முடன் மேடையேற மறுத்த மிருதங்க வித்வான்களைப் பற்றிக் கூறியிருக்கிறார்.

மிருதங்கத்தைச் செய்வோரின் நிலையையும் இங்கே கூறாதிருக்க இயலாது. தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, மூட்டி, நாதத்தை அமைத்துக் கொடுக்கும் கைகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவை. மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்து அத்தகைய குடும்பத்தவரே. அவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா எழுதிய நூல் 2020இல் வெளிவந்தபோது, வெளியீட்டு விழாவுக்கு அளித்திருந்த இடத்தைக் கலாக்ஷேத்ரா நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறிடத்தில் நடைபெற்றது.

இவற்றை எடுத்துரைப்பது மணி ஐயரின் வாசிப்பைக் கேட்காதீர் என்று சொல்வதற்காக அன்று. அவ்வாசிப்பைக் கேளாதவர் தாளத்தின் ஒரு பேருலகை இழந்தவராவர். கேட்கும்போதே, அந்நாதத்திற்காக உழைத்தவர் யார், அந்நாதம் யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் அறிந்து கேட்பதே நேர்மையான ரசனை.

2018ஆம் ஆண்டும் அதன் பின்னும்

2018 அக்டோபரில் நாடெங்கும் பெண்கள் தமக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தல்களை வெளிப்படையாகக் கூறத் தொடங்கினர். தமிழ் இசையுலகிலும் அக்குரல் எழுந்தது. பின்னணிப் பாடகி சின்மயி, கவிஞர் வைரமுத்து மீது குற்றம் சாட்டினார். கவிஞர் அதனை மறுத்தார். கர்நாடக இசை வித்வான்கள் சிலர் மீதும் மாணவியரும் கலைஞர்களும் புகார் கூறினர். அவ்வாண்டு டிசம்பர் விழாவிலிருந்து மியூசிக் அகாடமி ஏழு கலைஞர்களை நீக்கியது. அதன் நீண்ட வரலாற்றில் பலரும் எதிர்பாராத செயல் இது.

புகார் கூறியவர்களுக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். அடுத்த மாதமே சின்மயி டப்பிங் கலைஞர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்று சங்கம் காரணம் கூறியது. புகார் கூறியதற்கான பழிவாங்கல் என்று அவர் கூறினார். 2025 மே மாதம் ‘தக் லைஃப்’ படத்தின் இசை வெளியீட்டு விழாவில், வேறொருவர் படத்திற்காகப் பாடியிருந்த ஒரு பாடலை அவர் மேடையில் பாடினார். அது கைப்பேசிக்குக் கைப்பேசி பரவியது. இத்தகைய குரலை இத்தனை நாள் ஏன் மிகுதியாகக் கேட்கவில்லை என்று ரசிகர்கள் அப்போதுதான் வினவத் தொடங்கினர். ஒரு கலைஞரின் ஒழுக்கம் பற்றிய பேச்சில் நாம் எப்போதும் ‘அவருடைய பாட்டை இழந்துவிடுவோமே’ என்று அஞ்சுகிறோம். புகார் கூறியதால் வாய்ப்பிழந்தவர்களுடைய பாட்டையும், அஞ்சிப் பாட்டையே விட்டுவிட்ட மாணவியருடைய பாட்டையும் நாம் இழந்திருக்கிறோம். அவை நம் செவிக்கு வரவேயில்லை ஆதலின், அந்த இழப்பு நமக்குத் தெரிவதில்லை.

விருதுகளைப் பற்றியும் இவ்வினா எழுந்தது. 2021இல் கேரளத்து ஓ. என். வி. பண்பாட்டு நிறுவனம் வைரமுத்துவுக்கு விருது அறிவித்தது. எதிர்ப்பு எழவே, முடிவை மறுபரிசீலனை செய்வதாகக் கூறியது. அவரே விருதைப் பெற்றுக்கொள்ளவில்லை என அறிவித்தார். ‘திருச்சிற்றம்பலம்’ படத்திற்காக நடன இயக்குநர் ஒருவருக்கு அறிவிக்கப்பட்ட தேசிய விருது, அவர் மீது போக்சோ சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானதை அடுத்து 2024 அக்டோபரில் நிறுத்தி வைக்கப்பட்டது. 2023இல் கலாக்ஷேத்ராவில் மாணவியரே வீதிக்கு வந்து போராடினர். ஆசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ருக்மிணி தேவி 1936இல் தோற்றுவித்த அந்நிறுவனத்தில் பிள்ளைகளைச் சேர்ப்பதைப் பெரும் பேறாகக் கருதி வந்த பெற்றோர் பலர். நற்பெயர் என்பது காவலாகிவிடாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2024இல் டி. எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி அறிவிக்கப்பட்டபோது ரஞ்சனி – காயத்ரி முதலிய கலைஞர்கள் சிலர் அகாடமி விழாவிலிருந்து விலகினர். நம்மவரிடையேயும் காரசாரமான வாதம் நடந்தது. அது கருத்து வேற்றுமை. அவருடைய கருத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. விலகியவர்களுக்கும் அவ்வுரிமை உண்டு. ஆனால் கருத்து வேற்றுமையையும் ஒருவருக்கு இழைக்கப்பட்ட தீங்கையும் ஒரே தராசில் இட்டு நிறுத்தல் முறையன்று.

ரயில்வே விதி காட்டும் வழி

புகார் எழுந்த நாளுக்கும் தீர்ப்பு வரும் நாளுக்கும் இடையே என்ன செய்வது? இதுவே நம்மைத் திகைக்க வைக்கும் கேள்வி. “நிரூபணம் ஆகவில்லையே, எப்படி ஒதுக்குவது?” என்பர் ஒரு சாரார். “புகார் வந்துவிட்டதே, எப்படி மேடை தருவது?” என்பர் மறுசாரார்.

எளியேன் ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். 1968ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் எங்கள் மேசையில் அன்றாடம் புரளும் புத்தகம். கடுமையான குற்றச்சாட்டுக்கு உள்ளான ஊழியரை விசாரணை முடியும்வரை தற்காலிகமாகப் பணியிலிருந்து நிறுத்தி வைக்கலாம் என்று அவ்விதிகள் கூறுகின்றன. அது தண்டனை ஆகாது. தண்டனைகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை. அக்காலத்தில் அவருக்குப் பிழைப்பூதியம் உண்டு. குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். சாட்சிகளை அவர் குறுக்கு விசாரணை செய்யலாம். தண்டனை வந்தால் மேல்முறையீடும் உண்டு. குற்றமற்றவர் என்று முடிவானால் மீண்டும் தம் நாற்காலியில் அமர்வார்.

இம்முறையில் உள்ள நுட்பம் யாதெனில், ஒருவரைக் குற்றவாளி என்று கூறாமலே, அவரால் பிறருக்குத் தீங்கு நேரக்கூடிய இடத்திலிருந்து அவரைச் சிறிது காலம் விலக்கி வைக்க முடிகிறது. நம் சங்கங்களும் சபைகளும் இதனைப் பின்பற்றலாம். பொறுப்பான புகார் ஒன்று தக்க குழுவின் முன்னோ காவல் நிலையத்திலோ இருக்கும்வரை அக்கலைஞரை அழைக்காதிருத்தல் அநீதி ஆகாது. அவர் குற்றமற்றவர் என்று முடிவானபின் அழைக்காதிருப்பதே அநீதி. பாகவதருக்கு நேர்ந்தது அதுவே. மறுபுறம், விசாரணையே நடவாமல் இரண்டு பருவம் கழிந்தவுடன் ஓசையின்றி மீண்டும் மேடையேற்றி மாலையிடுவதும் அநீதியே.

மூன்று கணக்குகள்

ரசிகரின் பொறுப்பை ஒரே ஏட்டில் எழுதுவதால்தான் குழப்பம் விளைகிறது. கேட்டல், கௌரவித்தல், ஒப்படைத்தல் என மூன்று தனிக் கணக்குகளாகப் பிரித்து எழுதினால் தெளிவு பிறக்கும்.

முதலாவது கேட்டல். இஃது அவரவர் மனத்தைப் பொறுத்தது. ஜெர்மானிய இசைமேதை வாக்னர் யூதர்களை இழித்து எழுதியவர். பிற்காலத்தில் ஹிட்லர் போற்றிய இசையும் அவருடையதே. ஆதலின் 1938 முதல் இன்றைய இஸ்ரேல் பில்ஹார்மோனிக் குழுவினர் அவருடைய இசையை வாசிப்பதில்லை என்று இருந்தனர். நம் பம்பாயில் 1936இல் பிறந்த சுபின் மேத்தா, 1981இல் டெல் அவிவ் நகரில் அக்குழுவை நடத்தியபோது, நிகழ்ச்சியின் முடிவில் வாக்னர் இசையை வாசிக்கப் போவதாகவும், விரும்பாதவர்கள் வெளியேறலாம் என்றும் கூறினார். சிலர் வெளியேறினர், சிலர் அரங்கிலேயே எதிர்ப்புத் தெரிவித்தனர், சிலர் இருந்து கேட்டனர். வதைமுகாமில் உறவினரைப் பறிகொடுத்தவரிடம் ‘இசைதானே, கேளுங்கள்’ என்று கூற எவருக்கு உரிமை உண்டு? அதுபோலவே, ஒரு குரலைக் கேட்டால் தன் பழைய துன்பம் நினைவுக்கு வருகிறது என்று நம் வீட்டுப் பெண் ஒருத்தி கூறுவாளாயின், அப்பாட்டை அணைத்துவிடுவதே பண்பு. தனியே இயர்போனில் கேட்பவரை இழித்துரைப்பதும் வேண்டா. காலஞ்சென்ற பாடகரின் இசைத்தட்டு யாருக்கும் புதிதாகத் தீங்கு செய்யப் போவதில்லை என்பதையும் நினைவில் வைக்கலாம்.

இரண்டாவது கௌரவித்தல். மேடை, பொன்னாடை, பட்டம், பணமுடிப்பு ஆகியவை இதில் அடங்கும். இவை தனிமனிதரின் ரசனையைச் சேர்ந்தவை அல்ல. சங்கத்தின் பெயரால், பல குடும்பங்கள் தந்த சந்தாவில் நடப்பவை. ஒருவருக்கு மாலையிடும்போது அவருடைய குரலுக்கு மட்டும் இட முடியாது. கழுத்துக்குத்தான் இட வேண்டும். கூட்டத்தில் அமர்ந்திருக்கும் சிறுமி, ‘இவரைப் போல் ஆக வேண்டும்’ என்று பெரியவர்கள் காட்டுவதாகவே அதனை எடுத்துக்கொள்வாள். ஆகையால் இக்கணக்கில் கேட்டலைவிடக் கண்டிப்பு வேண்டும். பட்டியலில் இன்னும் ஒரு தகுதியானவர் எப்போதும் இருப்பார்; ஐயத்துக்கு இடமானவரைத்தான் அழைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் எந்தச் சங்கத்துக்கும் இல்லை.

மூன்றாவது ஒப்படைத்தல். நம் பிள்ளைகளை ஒரு குருவிடம் அனுப்புவதைக் குறிக்கும் இக்கணக்கே யாவற்றிலும் முக்கியமானது. இதில் கண்டிப்பு முழுமையாக இருத்தல் வேண்டும். குருபக்தி உயர்ந்ததுதான், ஆனால் குரு சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று பிள்ளைக்குப் போதிப்பது பக்தியன்று. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ காட்கோபரிலோ பாட்டு வகுப்புக்கு அனுப்பும் தாய்மார்கள் சில எளிய வழக்கங்களைக் கடைப்பிடிக்கலாம். வகுப்பு நடக்கும் அறையின் கதவு திறந்திருக்கட்டும். பெற்றோர் எந்நேரமும் உள்ளே வரலாம் என்ற ஏற்பாடு இருக்கட்டும். வெளியூர்க் கச்சேரிக்கும் போட்டிக்கும் வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் செல்லட்டும். நல்ல ஆசிரியர் இவற்றுக்கு வருந்தமாட்டார். தம் பெயருக்கும் இவையே காவல் என்பதை அவர் அறிவார்.

சட்டம் தரும் துணையையும் அறிந்திருத்தல் நலம். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி, பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சிறு நிறுவனங்களுக்காக மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு. நிகழ்ந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் மூன்று மாதம் நீட்டிப்பர். விசாரணையைத் தொண்ணூறு நாட்களில் முடிக்க வேண்டும். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளுக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் காவலாயுள்ளது. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் அதனைத் தெரிவிக்காதிருப்பதே அச்சட்டத்தின்படி குற்றம். 1098 என்ற எண் குழந்தைகளின் உதவிக்கானது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் நலம்.

நேயர்களே! நாம் சொந்த ஊரை விட்டு வெகுதொலைவில் வாழ்பவர்கள். அண்டை வீட்டாரின் மொழி வேறு. அலுவலகத்தின் மொழி வேறு. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் மிகுதியாகப் போய்ச் சேருவது பாட்டின் வழியாகத்தான். அதனாலேயே பாடகர்கள் நமக்கு உறவினர் போலாகிவிடுகின்றனர். அவர்கள் மீது பழி வந்தால் நம் குடும்பத்தின் மீது வந்தது போல் துடிக்கிறோம். அத்துடிப்பு, புகார் கூறிய பெண்ணின் மீது சினமாகத் திரும்பிவிடக் கூடாது. அவளும் நம் வீட்டுப் பெண்ணே. அவளும் பாடத்தான் வந்தாள்.

அடுத்த விழாவுக்கு அழைக்க வேண்டிய கலைஞர்களின் பட்டியலை நம் சங்கச் செயற்குழு தயாரிக்கையில், கட்டணம் எவ்வளவு, தேதி கிடைக்குமா என்ற இரு கேள்விகளோடு மூன்றாவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறேன். இவர் மீது தீர்க்கப்படாத புகார் ஏதும் நிற்கின்றதா? நிற்குமாயின் காத்திருப்போம். தீர்ந்து குற்றமற்றவர் என்றாகிவிட்டதாயின், முதல் வரிசையில் அமர்ந்து கைதட்டுவோம். அவ்வரிசையில் பாட்டு கற்கும் நம் சிறுமியருக்கும் நான்கு நாற்காலிகள் ஒதுக்கி வைப்போம்.